பாட்டு முடிந்ததும் என்ன கேட்பீர்கள், டீச்சர்?

எந்த ஊர்த் தொடக்கப் பள்ளியானாலும் சரி, காலை பத்து மணிக்கு அதன் சுவரை ஒட்டி நடந்துபோனால் பாட்டுச் சத்தம் காதில் விழும். ஒன்றாம் வகுப்பில் காய்கறிப் பாட்டு, இரண்டாம் வகுப்பில் வண்டிப் பாட்டு, மூன்றாம் வகுப்பில் மழைப் பாட்டு. தமிழ் வகுப்பில் மட்டும் இருந்த பாட்டு இப்போது கணக்குக்கும் அறிவியலுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, ஆசிரியர்களுக்கும் பிடித்திருக்கிறது. சரி, அறிவியல் வருகிறதா?

மழைப் பாட்டு பாடும் மூன்றாம் வகுப்புக்கே போய்ப் பார்ப்போம். கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகும் கதையைப் பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் பாடி முடிப்பார்கள். முடித்த கையோடு, ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் முழுக்க முத்து முத்தாக நீர்த்துளி. “இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு?” என்று கேளுங்கள். “உள்ளேயிருந்து கசியுது டீச்சர்”, “டம்ளருக்கு வேர்க்குது மிஸ்” போன்ற பதில்கள்தாம் அநேகமாக வரும். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்தால் நீராகும் என்பதைத்தான் ஒரு நிமிடம் முன்பு அதே பிள்ளைகள் தாளம் போட்டுப் பாடினார்கள். பாட்டிலிருந்த மழைக்கும் மேசையிலிருக்கும் டம்ளருக்கும் உறவு உண்டென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பாட்டின் பலமும் பலவீனமும் இந்த டம்ளரிலேயே தெரிந்துவிடுகின்றன. சொல்லை நினைவில் நிறுத்த பாட்டைப்போல் வேறொன்று கிடையாது. ஆனால் சொல் நினைவில் நிற்பதும் பொருள் விளங்குவதும் வேறு வேறு. அறிவியல் பாட்டு எழுதுகிறவர்களும் பாடவைக்கிறவர்களும் இந்த வேறுபாட்டை மறந்தால், பழைய மனப்பாடமே மெட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்துவிடும்.

செய்யுளில் சேமித்த அறிவு

பாட்டில் அறிவைச் சேமிப்பது தமிழருக்குப் புதிதல்ல. அச்சுப் புத்தகம் பரவும்வரை இங்கே துறைநூல்களில் பெரும்பாலானவை செய்யுள்தான். சொற்களுக்குப் பொருள் சொல்லும் நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை நெட்டுருப் போட்டார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் அளவைகளையும் கணக்குப் புதிர்களையும் வெண்பாக்களில் சொன்னது. சித்த மருத்துவம் மூலிகையையும் பக்குவத்தையும் பாடல்களில் வைத்தது. உயிர்களை அவற்றின் புலனறிவை வைத்து ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்திய தொல்காப்பியத்தின் மரபியலும் மனப்பாடம் செய்ய வாகான நூற்பாக்கள்தாம். ஓலைச் சுவடிகள் அரிதாக இருந்த காலத்தில் மனிதர்களின் நினைவுதான் நூலகம். எதுகையும் மோனையும் அந்த நூலகத்தின் அடுக்குகள்.

ஏட்டுக்கு வெளியிலும் இப்படித்தான். ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைத்துக்கொண்டது ஏற்றப்பாட்டில். சடுகுடு ஆடுகிறவர் மூச்சு விடவில்லை என்பதற்குச் சாட்சி, அவர் விடாமல் பாடும் பாட்டு.

குழந்தைகளுக்கென்றே எழுதும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பாரதியின் பாப்பா பாட்டு 1915-இல் வந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பற்றி எழுதிய சிறு பாட்டைப் பல தலைமுறைகள் பாடியிருக்கின்றன. அதில் உபதேசம் எதுவும் இல்லை. தாயும் கன்றும் என்ன செய்கின்றன என்று உற்றுப் பார்த்தது மட்டுமே இருக்கிறது. உற்றுப் பார்ப்பதுதான் அறிவியலின் முதல் பாடம் என்றால், கவிமணியின் பாட்டும் அறிவியல் பாட்டுதான். அழ. வள்ளியப்பா வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதினார். பெரியசாமித் தூரனின் கதை இன்னும் சுவையானது. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தையும், பின்னர் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த முதன்மை ஆசிரியர் அவர். கர்நாடக இசைக் கீர்த்தனைகளை இயற்றியவரும் குழந்தைப் பாட்டு எழுதியவரும் அவரே. அறிவியல் கட்டுரைகளைத் திருத்திய கையும் சிறுவர் பாட்டு எழுதிய கையும் ஒன்றாக இருந்த காலம் நமக்கு இருந்திருக்கிறது.

தெருவுக்கு வந்த பாட்டு

அறிவியலும் பாட்டும் கைகோத்துத் தெருவுக்கு வந்தது கேரளத்தில். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பு, 1980-இல் கலை ஜாதா என்ற கலைப்பயணத்தை ஊர் ஊராக அனுப்பியது. பாட்டு, நாடகம், வில்லுப்பாட்டு எல்லாம் அறிவியல் பேசின. அதே 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உருவானது. 1987 அக்டோபர் 2-ஆம் தேதி பாரத் ஜன விஞ்ஞான் ஜாதா என்ற மக்கள் அறிவியல் பயணம் நாட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து கிளம்பி, சர் சி.வி. ராமன் பிறந்த நாளான நவம்பர் 7-இல் போபாலில் வந்து சேர்ந்தது. விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த நகரம் அது. அறிவியல் யாருக்காக என்ற கேள்வியை அங்கே வைத்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதே 1987-இல்தான் துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழும் பிறந்தது.

அடுத்து வந்தது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அந்த இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை ஊரே பார்த்தது. அதற்கென்று முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்க ஒலித்தது. பாட்டைக் கேட்ட பெண்கள் கேட்டதோடு நிற்காமல் வண்டியை எடுத்து மிதித்தார்கள். இந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, அதைத் தொடர்ந்து ஒரு செயல். அறிவொளியின் வெற்றி இந்த இணைப்பில் இருந்தது.

அந்த இயக்கங்களில் பாடித் திரிந்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. வீதியில் பழகிய மெட்டு அவர்களோடு வகுப்பறைக்குள்ளும் போனது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவி, ஆசிரியரின் நாற்காலியைப் பிள்ளைகள் அமரும் பாய்க்கு இறக்கியது. கொரோனாவுக்குப் பின் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை ஊர்களுக்கு அறிமுகப்படுத்தியது கலைக்குழுக்களின் பாட்டும் பறையும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடலுக்கு வகுப்பறையில் தனிக் களமே உண்டு. ஆக, ‘பாடலாமா’ என்ற கேள்வி தமிழ்நாட்டில் முடிந்துபோனது. எப்படிப் பாடுவது, பாடி முடித்து என்ன செய்வது என்பவைதாம் மிச்சம்.

மெட்டு மூளையில் செய்யும் வேலை

மெட்டோடு கேட்டது மனதில் நிற்கிறது என்று பாட்டி சொன்னால் போதுமா? ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வாண்டா வாலஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி பேசப்படுவது. ஒரே வரிகளைச் சிலருக்குப் பேச்சாகவும் சிலருக்குப் பாட்டாகவும் கொடுத்தார். பாட்டாகக் கேட்டவர்கள் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. மெட்டு எளிதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணிக்கும் அதே மெட்டு திரும்ப வர வேண்டும். ஒரே ஒருமுறை கேட்ட மெட்டு உதவவில்லை. புதிய மெட்டைப் பிடிப்பதே ஒரு வேலையாகி, சொல்லைக் கவனிக்க விடாமல் செய்துவிடுகிறது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னோர் ஆய்வு 2013-இல் வெளியானது. ஹங்கேரிய மொழி அறியாத பெரியவர்கள் 60 பேருக்கு அம்மொழியின் சிறு தொடர்களைப் பதினைந்து நிமிடம் கற்பித்தார்கள். சிலர் பேசிக் கற்றார்கள், சிலர் தாளத்தோடு சொல்லிக் கற்றார்கள், சிலர் பாடிக் கற்றார்கள். பாடியவர்களே முன்னால் நின்றார்கள். மெட்டைக் கேட்டதோடு நில்லாமல் தாங்களே வாய்விட்டுப் பாடியவர்கள் அவர்கள்.

நம் வகுப்பறைக்கு இதிலிருந்து மூன்று பாடங்கள். முதலாவது, அறிவியல் பாட்டுக்குப் புது மெட்டு தேடி அலைய வேண்டாம். கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, பிள்ளைகள் விளையாட்டில் பாடும் மெட்டு என்று வீட்டிலிருந்தே கொண்டுவரும் மெட்டுகள் போதும். இரண்டாவது, ஒரு பாட்டை ஒருநாள் பாடிவிட்டு அடுத்ததற்குத் தாவாமல் பல நாள் பாட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். புளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பிள்ளைகளைக் கேட்கவைப்பது பாடவைப்பதாகாது. திரையில் பொம்மை ஆடப் பிள்ளைகள் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தால் அந்த வகுப்பில் கற்றுக்கொண்டது ஸ்பீக்கர் மட்டும்தான். குரல் நன்றாக இல்லையே என்று தயங்கும் ஆசிரியர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: டீச்சரே சுருதி விலகிப் பாடினால்தான், பாட வராத பிள்ளைக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும்.

தன்னைத் திருத்திக்கொண்ட பாட்டு

1959-இல் அமெரிக்காவில் ‘பேலட்ஸ் ஃபார் தி ஏஜ் ஆஃப் சயின்ஸ்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான அறிவியல் இசைத்தட்டுகள் வரத் தொடங்கின. மொத்தம் ஆறு தட்டுகள். வரிகள் ஹை ஜாரெட், இசை லூ சிங்கர். உலகமெங்கும் காதலர்கள் உருகிய ‘அன்செயின்ட் மெலடி’க்கு வரிகள் எழுதியவரும் இதே ஜாரெட்தான். அந்த வரிசையில் சூரியன் ஏன் ஒளிர்கிறது என்று ஒரு பாட்டு. சூரியனை வெப்பத்தால் ஒளிரும் ஒரு வாயுத் திரளாக அது வருணித்தது. ‘தே மைட் பி ஜயன்ட்ஸ்’ என்ற ராக் குழு 1993-இல் அதைத் திரும்பப் பாடிப் புதிய தலைமுறையிடமும் சேர்த்தது.

சிக்கல் எங்கே என்றால், சூரியன் நாம் பள்ளியில் படிக்கும் சாதாரண வாயு நிலையில் இல்லை. அந்த வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, பிளாஸ்மா என்ற வேறொரு நிலையில் இருக்கின்றன. அதே குழு 2009-இல் ‘ஹியர் கம்ஸ் சயின்ஸ்’ என்ற குழந்தைகள் தொகுப்பை வெளியிட்டபோது பழைய பாட்டையும் வைத்தது. கூடவே, அந்தப் பாட்டு சொன்னது சரியில்லை என்று திருத்திச் சொல்லும் இரண்டாவது பாட்டு ஒன்றையும் வைத்தது. நேற்று சொன்னதை இன்று கிடைத்த சான்றைக் கொண்டு திருத்துவதுதான் அறிவியல் என்று அந்த இரட்டைப் பாட்டைவிடச் சுருக்கமாக யாரும் குழந்தைகளுக்குச் சொல்லிவிட முடியாது.

நம்மிடமும் திருத்த வேண்டியவை இருக்கின்றன. சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட்டில் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைமாற்றியது. கோள்கள் இப்போது எட்டு. ஒன்பது என்று எண்ணும் பழைய கோள் பாட்டுகள் இன்னும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலா இரவில் மட்டுமே வரும் என்று நினைக்கவைக்கும் பாட்டுகளுக்குக் கணக்கில்லை. பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் ஆன ஒரு காலையில், இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். மேகம் இல்லாவிட்டால், பட்டப்பகலில் வெளிறிய நிலா அங்கே நிற்கும். செடிகள் பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் கார்பன் டை ஆக்சைடு விடும் என்று பாடுவதும் பாதிதான் உண்மை. செடியும் நம்மைப்போலவே பகல், இரவு எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை. எட்டுக்கால் சிலந்தியை எதுகைக்காக ஆறுகால் பூச்சிகளோடு சேர்ப்பது, வௌவாலைப் பறவை வரிசையில் உட்காரவைப்பது எல்லாம் இந்த ரகம்.

பாட்டில் ஏறிய பிழை லேசில் இறங்காது. பாடப்புத்தகத்தில் உள்ள பிழையை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். ஏழு வயதில் மெட்டோடு மனதில் பதிந்தது எழுபதிலும் நாக்கில் நிற்கும். ஆகையால் அறிவியல் பாட்டு எழுதுகிறவர் எதுகைக்கும் உண்மைக்கும் இடையே ஒன்றை விட வேண்டி வந்தால் எதுகையைத்தான் விட வேண்டும்.

ஈரத் துணியிலிருந்து ஒரு பாட்டு

சரியான பாட்டு எப்படி இருக்கும்? விமர்சனம் சொல்வது சுலபம் என்பதால், இந்தக் கட்டுரைக்காகவே ஒன்றை எழுதிப் பார்ப்போம். பாடம், நீர் ஆவியாதல். வகுப்பு, மூன்று. முதலில் பேனாவுக்கு வரும் வரிகள் இப்படித்தான் இருக்கும்:

கடலின் தண்ணீர் சூடாகி
ஆவியாக மாறுமாம்
மேலே போய் மேகமாகி
மழையாய் வந்து சேருமாம்

சந்தம் சரியாக இருக்கிறது. பிள்ளைகள் பாடிவிடுவார்கள். ஆனால் தவறுகளைப் பாருங்கள். கடலோரம் அல்லாத ஊர்ப் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களும் அது ஆவியாவதைக் கண்ணால் கண்டதில்லை. சூடாகி என்றதும் அடுப்பில் கொதிக்கும் உலை நினைவுக்கு வரும். தண்ணீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்ற தவறான எண்ணம் ஆணியடித்ததுபோல் பதியும். மேகம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஆவியல்ல, ஆவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளும் பனித்துகள்களும் சேர்ந்த கூட்டம். பாட்டில் அந்தக் குளிரும் படியே விட்டுப்போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டு முழுவதும் யாரோ சொல்லக் கேட்ட தொனி. குழந்தை செய்ய இதில் ஒரு வேலையும் இல்லை.

கடலை விட்டுவிட்டு வீட்டுக் கொல்லைக்கு வருவோம்:

கொடியில் போட்ட ஈரத் துணி
மதியம் பார்த்தா காஞ்சிருக்கு
சொட்டச் சொட்ட இருந்த தண்ணி
சொல்லு எங்கே போயிருக்கு?

வெயிலில் ஒண்ணு நிழலில் ஒண்ணு
விரிச்சுப் போட்டு வைப்போமா?
முதலில் காயும் துணி எதுன்னு
முன்னாடியே சொல்வோமா?

மொழி பிள்ளைகள் பேசும் மொழி. மெட்டு கும்மி மெட்டு. இரண்டு கண்ணிக்கும் ஒரே மெட்டு. முதல் கண்ணி தினமும் பார்க்கும் ஒன்றைக் கேள்வியாக்குகிறது. இரண்டாவது கண்ணி, விடை தெரியும் முன்பே ஊகித்துச் சொல்லச் சொல்கிறது. ஊகம், பிறகு சோதனை. விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் ஒழுங்கும் இதுதான்.

மூன்றாவது கண்ணியை எழுதவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. ஒரே அளவான இரண்டு துணித்துண்டுகள், ஒரே அளவு தண்ணீர், ஒன்று வெயிலில், ஒன்று நிழலில். காய்ந்த பின் என்ன பார்த்தார்கள் என்பதை அதே மெட்டில் பிள்ளைகளே எழுத வேண்டும். யாராவது ஒரு சுட்டி எழுந்து, “நிழல்ல காத்து நல்லா அடிச்சுது டீச்சர், அதனால அதுவும் சீக்கிரமே காஞ்சிடுச்சு” என்று சொல்லலாம். அப்போது வகுப்பு காற்று என்ற இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்தச் சுட்டி நான்காவது கண்ணிக்கு வழி திறக்கிறது. பாட்டை ஆசிரியர் முடித்துக் கொடுத்திருந்தால் இந்த வாசல் அடைபட்டிருக்கும்.

நாம் தொடக்கத்தில் பார்த்த டம்ளருக்கும் இதே வழி உண்டு. தண்ணீர் உள்ளேயிருந்து கசிகிறது என்று பிள்ளைகள் சொன்னால் உடனே மறுத்துவிட வேண்டாம். ஐஸ் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலந்து வையுங்கள். உள்ளே இருப்பது சிவப்பு. வெளியே அரும்பும் துளிகள் நிறமற்றவை. கசிந்தது இல்லையென்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு பாடும் மழைப் பாட்டு வேறு பாட்டு.

பாட்டே கருவி, பாட்டே பாடம்

பாட்டுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. நாம் அதை அதிகம் தொட்டதில்லை. அறிவியலைப் பற்றிப் பாடுவதோடு, பாட்டைக் கொண்டே அறிவியல் செய்யலாம்.

கலிலியோ சாய்தளத்தில் உருண்டை உருட்டி ஆராய்ந்த காலத்தில் நொடி காட்டும் கடிகாரம் கிடையாது. நேரத்தை எப்படி அளந்தார்? அறிவியல் வரலாற்றாளர் ஸ்டில்மன் டிரேக் 1975-இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். சாய்தளத்தின் குறுக்கே நரம்பிழைகளைக் கட்டி, உருண்டை அவற்றின்மேல் ஏறிச் செல்லும்போது எழும் ‘டக், டக்’ ஓசை, வாய்க்குள் பாடும் அணிவகுப்புப் பாட்டின் தாளத்தோடு ஒத்துவரும்வரை இழைகளை நகர்த்தியிருக்கலாம் என்றார். தானே செய்தும் காட்டினார். கலிலியோவின் தந்தை வின்சென்சோ லூட் என்ற நரம்புக் கருவி வாசித்த இசைக்கலைஞர். ஆகவே இது வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை. நான்காம் வகுப்பில் ஒரு பலகை, ஒரு கோலி, ஆதி தாளம் போடும் நாற்பது கைகள் இருந்தால் இந்தச் சோதனையின் எளிய வடிவத்தை நாமும் செய்யலாம்: ஒரு தாளத்துக்குள் கோலி எவ்வளவு தூரம் ஓடுகிறது, அடுத்த தாளத்துக்குள் எவ்வளவு தூரம்?

கொரோனா காலத்தில் கையை 20 விநாடி கழுவச் சொன்னார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு, பிறந்தநாள் பாட்டை இருமுறை பாடு என்றார்கள். அதுவும் பாட்டைக் கடிகாரமாக்கியதுதான். சடுகுடுப் பாட்டை நின்ற இடத்தில் ஒருமுறை, மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபின் ஒருமுறை, ஒரே மூச்சில் பாடிப் பார்த்தால் நுரையீரல் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒலி என்ற பாடத்துக்குப் பாட்டைவிட நல்ல ஆய்வுக்கூடம் ஏது? தொண்டையில் விரல் வைத்துப் பாடினால் அதிர்வு விரலில் தெரியும். ஜலதரங்கம் போலக் கண்ணாடி டம்ளர்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். ஒரே மாதிரியான பாட்டில்களில் அதேபோல் தண்ணீர் ஊற்றி வாயருகே ஊதுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும். ஒன்றில் அதிர்வது கண்ணாடியும் நீரும், மற்றதில் அதிர்வது உள்ளிருக்கும் காற்று. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டிவிட்டு, ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்று கேட்டால், வகுப்பு முடிந்து மணியடித்தபிறகும் பிள்ளைகள் எழுந்து போகமாட்டார்கள்.

நோபல் பரிசு வாங்கிய நம்மூர் விஞ்ஞானி ஒருவரும் இதில் மயங்கியிருக்கிறார். மிருதங்கம், தபலா போன்ற கருவிகளின் தோலில் அப்பியிருக்கும் கருப்புச் சாந்துதான் அவற்றுக்கு இசைச் சுருதி தருகிறது என்பதை ஆராய்ந்து, சர் சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். 1934-இல் விரிவாக மீண்டும் எழுதினார். ஒளிச்சிதறலுக்காக உலகம் அறிந்த ராமன் மிருதங்கத்தையும் காது கொடுத்துக் கேட்டவர் என்று நம் பாடப்புத்தகங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல், மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல். சூழ்நிலையியல் அறிவியலாக மாறும் அந்த வயதில் பாட்டு பெரிய துணை. அதை நல்ல துணையாக்க நான்கு காரியங்கள் போதும்.

ஒன்று, அறிவியல் பாட்டு எதுவானாலும் புத்தகத்துக்கும் காணொலிக்கும் போகும் முன், பாட்டு தெரிந்த ஒருவரும் அறிவியல் தெரிந்த ஒருவரும் சேர்ந்து படித்துப் பார்க்க வேண்டும். தூரனைப்போல் இரண்டும் ஒருவரிடமே கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையேல் இருவர் வேண்டும். இரண்டு, ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரு கேள்வியும் ஒரு சோதனையும் அச்சிடப்பட வேண்டும். சோதனைக்கான பொருள் வீட்டிலோ பள்ளித் தோட்டத்திலோ கிடைப்பதாக இருக்கட்டும். மூன்று, மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் பயிற்சிகளில் பாட்டைப் பாடக் கற்றுக்கொடுப்பதோடு, பாட்டில் பிழை கண்டுபிடிக்கவும் ஆசிரியர்களைப் பழக்க வேண்டும். நான்கு, காது கேளாத பிள்ளையும் வகுப்பில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பாட்டோடு கையசைவும் தாளமும் சேரும்போது, பாட்டின் பொருள் அந்தப் பிள்ளையையும் எட்டும்.

செலவு? ஏறக்குறைய இல்லை. பாட்டுக்கு டெண்டர் விட வேண்டியதில்லை. தேவையானது நேரம். பாட்டு ஐந்து நிமிடம் என்றால் அதன்பின் சோதனைக்கும் பேச்சுக்கும் அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அந்த அரை மணியைத்தான் முதலில் வெட்டுகிறோம். அதை வெட்டினால், எஞ்சுவது மனப்பாடம் மட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. இன்று மாலை உங்கள் பிள்ளை பள்ளியில் கற்ற அறிவியல் பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். கைதட்டுங்கள், செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதானாலும் போடுங்கள். அதோடு விட்டுவிடாமல், “இது நிஜமான்னு நாம எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளை கொடிக்கயிற்றையோ குளிர்ந்த டம்ளரையோ தேடி எழுந்தால், கூடவே எழுந்து போங்கள்.